உயிரோடிருந்த அண்ணனுக்கு இருபத்தொரு படையல்

சொக்சோ மணல்திட்டுக்கும் டவுனுக்கும் நடுவே ஓடும் கால்வாயில் மா சிதோக்கின் இழுவைப்படகில் ஏறினால் சும்மா நிற்க முடியாது. கரைக்குக் கரை கட்டிய கம்பியில் மாட்டி இழுக்கக் கையில் இரும்புக் கொக்கியைத் திணித்துவிடுவார். "நின்னா குளிரும். கம்பியைப் பிடிச்சு இழுங்க, அக்கரை எங்கயும் ஓடிடாது" என்பார். அறுபது வயதுக்குப் பிறகும் பதினைந்து வருடம் அந்தப் படகில் நின்றவர்.

1950 டிசம்பரில், பதினெட்டு வயதில், வடக்கே ஹம்கியோங்கிலிருந்து போருக்குத் தப்பி, மீன்பிடிப் படகில் இந்த மணல்திட்டில் வந்து இறங்கினார். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அப்பா, அம்மா, ஆறு வயது மூத்த அண்ணன் சிவொன் மூவரும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். போர் நின்றபோது நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகி, நடுவில் கம்பிவேலி நின்றது. மூன்று நாள் வீட்டுக்குக் கல் எதற்கு என்று மணல்திட்டில் எல்லோரும் பலகையும் தகரமும் வைத்துத்தான் கட்டினார்கள். சிதோக்கின் கூரை ஐம்பத்தொன்பது வருடம் கழித்தும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்பா அம்மாவுக்குப் படையல் போடும் உரிமை மூத்த மகனுக்கு. அதனால் முப்பத்தெட்டு வருடம் சிதோக் படையல் போடவில்லை. இங்கே போட்டால், அங்கே அண்ணன் இல்லை என்று தானே சொன்னதாகிவிடும். அவர் மனைவி பில்லே, கணவாய் மீனுக்குள் அரிசி அடைத்து அவித்து விற்பவர், வருடத்துக்கு ஒருமுறையாவது சண்டை போடுவார். "உங்கண்ணன் மரியாதைக்கு என் மாமியா பட்டினி கிடக்கணுமா?"

1988-ல் சீனாவிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர், சிவொன் போரிலேயே செத்துப்போனதாகச் சொன்னார். சிதோக் இரண்டு நாள் படகுப் பக்கமே போகவில்லை. அந்த வருடம், இறந்த நாள் தெரியாதவர்களுக்கு உரிய ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் திதியில், மூன்று கிண்ணம் சோறு வைத்தார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு. இப்படியே இருபத்தொரு வருடம்.

2009-ல் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறார், எண்பத்து மூன்று வயது. வடக்கே வைரமலையில் மூன்று நாள் சந்திக்கலாம். அதற்கு மேல் கிடையாது. ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறுமுறை கிடைத்ததில்லை.

சந்தோஷம் அரை நாள்தான். பிறகு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் படையல் போடுவது சாபம் போடுவதற்குச் சமம்.

"சொல்லாதீங்க" என்றார் பில்லே. "கிழவரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா?"

"அம்மா எந்தத் திதியில போனாங்கன்னு அவன்கிட்டதான் கேக்கணும். இத மறைச்சுட்டு அத எந்த வாயால கேப்பேன்?"

"வாய் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் குளறும்."

நாடு முழுவதும் இருந்து வந்த உறவினர்கள் சொக்சோவில் கூடி அங்கிருந்துதான் பேருந்தில் போனார்கள். சிதோக் மட்டும் கால்வாயைக் கடந்து வந்து ஏறினார். பையில் வைட்டமின், இரண்டு பஞ்சுக் கோட்டு.

முதல் நாள் கூடத்தில் எல்லோரும் அழுதார்கள், கேமராக்கள் சுற்றிவந்தன. அங்கே சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள், விடுதி அறையில் குடும்பத்தோடு தனியாக இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் முட்டிவலி பற்றியே போயிற்று. கடைசியில் சிதோக் தரையில் மண்டியிட்டுச் சொன்னார்.

"அண்ணே, நீ செத்துட்டேன்னு உனக்குப் படையல் போட்டுட்டேன்."

சிவொன் தம்பி பக்கம் குனிந்தார். "எத்தன தடவ?"

"இருபத்தொண்ணு."

"என்ன வச்சே?"

"கருவாடு. தினையரிசி போட்டுப் புளிக்க வச்ச தட்டமீனு, அம்மா செய்யிறாப்ல."

"சாராயம்?"

"ரெண்டு கோப்ப."

"மூணுல்ல ஊத்தணும்?"

"மூணாவத நான் குடிச்சுட்டேன். உனக்குத்தான் குடிச்சா மொகம் செவந்துடுமே."

சிவொன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும், "நாங்க சோறு பாக்காத வருஷமெல்லாம் உண்டு. அப்பவும் அங்க எனக்கு ஒரு கிண்ணம் இருந்திருக்கு" என்றார். பிறகு, "எழுந்திரு, முட்டி வலிக்கப் போவுது."

அவரும் படையல் போட்டதில்லை. போடுகிற காலமாக இருக்கவில்லை என்றார். அப்பா போர் நடந்தபோதே குண்டில் போனார், பன்னிரண்டாம் மாதம் நான்காம் திதி. அம்மா 1969-ல், மூன்றாம் மாதம் ஏழாம் திதி. சிதோக் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"நீ மூத்தவன். நான் எப்படி…"

"மூத்தவன்தான் சொல்றேன். நீ செய்யி."

"சரி. உன் கிண்ணத்த நிறுத்திடறேன்."

"ஏன்? நான் போனா உனக்கு யாரு வந்து சொல்லுவா? வச்சுக்கிட்டே இரு. கரண்டிய மட்டும் சோத்துல நடாத, அது செத்தவனுக்கு. பக்கத்துல படுக்க வையி. தொண்ணூறானதும் நட்டுடு."

மறுநாள் பேருந்து புறப்பட்டது. அதன் பிறகு செய்தி எதுவும் வரவில்லை.

2015-ல், அம்மாவின் திதியன்று, பில்லே கரண்டியை எடுத்து நீட்டினார். "மூத்தாருக்குத் தொண்ணூறு."

"பொறந்ததுமே ஒரு வயசுன்னு எண்ணுறது நம்ம பழக்கம். வெளிநாட்டுக் கணக்குல எண்பத்தொம்பதுதான்."

அடுத்த வருடம் எந்தக் கணக்கிலும் தொண்ணூறு ஆகிவிட்டது. பில்லே மறுபடி கரண்டியை நீட்டினார். சிதோக் மூன்று கிண்ணத்துக்கும் முன்னால் கோப்பையில் சாராயம் ஊற்றி முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"போர் நடந்த மூணு வருஷத்த யாரு வாழ்ந்தா? அதக் கழி."

"அப்ப எனக்கும் மூணு கழிங்க" என்றார் பில்லே. கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்.