அண்ணனுக்கு பெர்குர் எழுதிய அஞ்சலி

ஐஸ்லாந்தில் பெர்குரைத் தெரியாதவர்கள் என்றால் கைக்குழந்தைகளும் ஆடுகளும்தான். பதினேழு வருடம், சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்துவிடுவான். அமைச்சரானாலும் சரி, பேராயரானாலும் சரி, எதிரே உட்காரவைத்து வறுத்தெடுப்பான். போதாக்குறைக்கு வாரப் பத்திரிகையில் ஒரு நகைச்சுவைப் பத்தி. அவன் கிறுக்குவதை நான் தட்டச்சு செய்வேன், வளவளவென்று போனால் வெட்டுவேன், தாமதமாக வந்தால் திட்டுவேன். என் பெயர் ஓட்னி. நிகழ்ச்சி முடிந்து எழுத்துகள் ஓடும்போது எறும்பு அளவில் என் பெயரும் ஓடும். ஒருவரும் பார்த்ததில்லை.

வடமேற்கே ஒரு மீன்பிடி ஊர் அவனுக்கு. முதலில் வானொலியில் வானிலை வாசிக்கத்தான் வந்தான். ஒருநாள் புயல் எச்சரிக்கையை ஒழுங்காக வாசித்து முடித்துவிட்டு, “துணி காயப்போட்டவங்க அப்படியே பக்கத்து ஊருக்குப் போய் எடுத்துக்குங்க” என்று சேர்த்துவிட்டான். மேலதிகாரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த மாதம் தொலைக்காட்சிக்காரர்கள் தேடிவந்து கூட்டிப்போனார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயால்தான் பிழைத்தான். கெட்டது பிறகு.

அவனுக்கு ஓர் அண்ணன், அட்லி. அப்பாவின் படகை ஓட்டியவர். அந்தப் படகில் யோயி என்றொருவன் வேலை செய்தான். இருபத்துநாலு வயது, ரூனா என்ற அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஒரு மார்ச் மாதம் அவன் கடலோடு போய்விட்டான். அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அட்லி கரைக்கு வந்து சொன்னார். அந்த வசந்தத்திலேயே படகை, மீன்பிடி உரிமையோடு சேர்த்துத் தெற்கே ஒரு நிறுவனத்துக்கு விற்றார். உரிமை போனால் மீன் ஏது? ஊரின் ஒரே மீன் ஆலையும் மூடிக்கொண்டது. வேலை போனவர்கள் அட்லியைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள். ஏன் விற்றாய் என்று கேட்டவர்களிடம், “நல்ல விலை வந்தது, வித்தேன்” என்பார். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

எங்கள் நாட்டு வழக்கம் என்னவென்றால், வருடத்தின் கடைசி இரவு, நெருப்பு மூட்டிப் பாடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் வந்து தொலைக்காட்சி முன்னால் உட்காருவோம். அந்த வருடம் யார் யார் கோமாளித்தனம் செய்தார்களோ அவர்களையெல்லாம் கிண்டலடிக்கும் நிகழ்ச்சி. அது முடியும்வரை ஒரு வாணவேடிக்கைகூட வெடிக்காது. அந்த வருடம் எழுதியவன் பெர்குர். துறைமுகத்தை விற்று, மலையை விற்று, கடைசியில் தேவாலய மணியையும் விற்கும் ஒரு படகோட்டியை எழுதினான். பெயர்தான் வேறு. தொப்பி அட்லியின் தொப்பி. பேசுமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவதும் அட்லிதான்.

முதலில் எழுதிய வரைவில் அந்தப் படகோட்டி தனியாக நின்று, “என்னால இனிமே கடலுக்குப் போக முடியாது” என்று ஒரு வரி சொல்வான். அந்த வரியை பெர்குர் பேனாவால் அடித்தான்.

“இது நல்லாத்தானே இருக்கு, ஏன் அடிக்கிற?” என்றேன்.

அப்போதுதான் சொன்னான். அட்லி ஒருநாள் தொலைபேசியில் அழுதிருக்கிறார். அலையும் இல்லை, ஒன்றும் இல்லை. யோயி தானாகவே கடலில் குதித்தான். அட்லி கண்ணால் பார்த்துவிட்டார், படகைத் திருப்பித் திருப்பித் தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைத்தால் உடம்பெல்லாம் உதறுகிறது.

“அடப்பாவி, தெரிஞ்சிருந்துமா இதை எழுதற?”

“அதை வச்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்க ஓட்னி. நீ தட்டு தாயே, நேரமாச்சு.”

தட்டினேன். நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அட்லி அதன் பிறகு தம்பியோடு பேசவில்லை. பதினாலு வருடம். கிறிஸ்துமஸ் தவறாமல் பெர்குர் கூப்பிடுவான். அண்ணி ஸ்வாலா எடுத்து, “அவர் வெளிய போயிருக்காரு” என்பாள். பின்னால் அட்லி செருமுவது இவனுக்குக் கேட்கும். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்து ஏதாவது ஜோக் அடிப்பான். அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்: அண்ணன் ஒருதரம் “டேய்” என்று கூப்பிட்டிருந்தால் போதும், அந்தப் பதினேழு வருடப் புகழையும் தூக்கிக் கொடுத்திருப்பான்.

போன பிப்ரவரியில் அட்லிக்கு மாரடைப்பு. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் சனிக்கிழமை என்றார்கள். எங்கள் நாட்டில் அடக்கத்தன்று காலை நாளிதழில் அஞ்சலிகள் வர வேண்டும். மனைவி, பிள்ளை, பள்ளித் தோழன், பக்கத்து வீட்டுக்காரி, யார் வேண்டுமானாலும் எழுதலாம். இறந்தவரிடமே பேசுகிற மாதிரி எழுதுவோம். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று ஊரே விரல்விட்டு எண்ணும். ஸ்வாலா பெர்குரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எழுதுவியா, மாட்டியா? கூடப் பொறந்தவன் எழுதலைன்னா என்னத்தான் கேப்பாங்க.”

“எழுதறேன் அண்ணி. என்ன எழுத?”

“என்னத்தையோ எழுது. சிரிப்பு மட்டும் வேணாம்.”

வியாழன் நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும். அன்று காலை என் சமையலறைக்கு வந்து வாசித்துக் காட்டினான். பதினாலு வருடத்துக்கு முன் வெட்டிய வரியை எழுதியிருந்தான். அதோடு மொத்தத்தையும் எழுதியிருந்தான். ‘அண்ணா, நீ காசுக்காக விற்கவில்லை. யோயி தானாகப் போனதை நீ பார்த்தாய். கடல் உன்னை விடவில்லை. இது தெரிந்தும் உன்னை நான் ஊர் சிரிக்க வைத்தேன். என்னை மன்னித்துவிடு.’ குரல் உடைந்து இரண்டு தரம் நிறுத்தினான். நான் மேஜைத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“எதையாச்சும் வெட்டணுமா?” என்று கேட்டான். இத்தனை வருடத்தில் அவனாக அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஒரு எழுத்தக்கூடத் தொடாத. அனுப்பு” என்றேன்.

வெட்டுவதுதான் என் வேலை. முப்பது வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை விமானத்தில் அந்த ஊருக்குப் போனோம். தேவாலயம் நிரம்பி வாசலிலும் நின்றார்கள். அட்லியின் முகத்தில் முழிக்காமலிருந்தவர்கள் எல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். பழைய ஆலைத் தொழிலாளி ஒருவர் பெர்குரின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்குத் தெரியாமப் போச்சேப்பா” என்றார். பெர்குரின் முகம் அழுதழுது வீங்கியிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. அண்ணன் பேசிவிட்ட மாதிரி இருந்தான். எனக்கும் ஒரு நிம்மதி.

பிறகு சமூகக் கூடத்தில் காபியும் கேக்கும், புகையூட்டிய ஆட்டுக்கறி வைத்த ரொட்டியும். ஸ்வாலா எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெர்குர்தான் பக்கத்தில் போனான்.

“அண்ணி, சரியா எழுதியிருக்கேனா?”

“ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கிட்டு உங்க அண்ணன் வாயை மூடிட்டே இருந்தாரே,” என்றாள் ஸ்வாலா, குரலைத் தாழ்த்தி. “யாருக்காகன்னு நெனச்ச? ஏன் வித்தேன்னு சொன்னா, என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் அது அவ காதுக்குப் போகும். சாகிற வரைக்கும் காப்பாத்தினாரு. நீ ரெண்டு நாள்ல முடிச்சிட்ட.”

பெர்குர் கோப்பையை என்னிடம் நீட்டினான். வாங்கி வைத்தேன். யோயியின் அம்மா, ரூனா என்று ஒருத்தி, அந்த ஊரில் இன்னும் காபி போட்டுக் குடித்துக்கொண்டு, காலையில் நாளிதழைப் பிரிப்பாள் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லையே!

அவள் அடக்கத்துக்கு வரவில்லை. காபி முடியும் தறுவாயில் வந்தாள். எண்பத்தொரு வயது, நல்ல கறுப்புக் கோட்டு. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நேராக பெர்குருக்கு எதிரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரூனாம்மா…” என்றான் அவன்.

“உன் நிகழ்ச்சி ஒண்ணு விடாம பாத்திருக்கேன்” என்றாள். கோபமே இல்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. “சிரிப்பேன். இவன் நம்ம ஊர்ப் பையன்னு வந்தவங்க போனவங்ககிட்டல்லாம் சொல்லுவேன். இல்லாததயெல்லாம் இருக்கற மாதிரி என்னமா எழுதுவ நீ!”

பெர்குர் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எட்டி அவன் கைமேல் கை வைத்தாள்.

“ஊரு சிரிக்கணும்னு அத்தனை பொய் எழுதினியே, ராசா. எனக்காக ஒரே ஒரு அலையை எழுதியிருக்கக் கூடாதா?”