பின்சக்கரத்தில் பட்டன் டயர்

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நானும் என் நண்பனும் புவனகிரியில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தோம். எனக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அவனுக்குப் போலீஸ் வேலைதான் வேண்டும், வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், ஓட்டம் மட்டும் பாக்கி. இதை விட்டால் வயது தாண்டிவிடும், மறுபடி எழுத முடியாது.

காலுக்கு வலு ஏற ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கியிருந்தான். எனக்கு ஓய்வு கிடைத்த காலைகளில் இருவரும் வெள்ளாற்றுக் கரையில் மிதிப்போம். பங்குனியில் அந்தக் கரை செங்கல் மாதிரி இறுகிவிடும். மேலே மாவு போலப் புழுதி, ஓரத்தில் கருவேல முள், கீழே வெடித்துக் கிடக்கும் அறுத்த வயல். வேர்த்து ஊற்ற மிதித்துவிட்டு, டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அந்தக் காலைகளுக்காக இன்னும் ஏங்குகிறேன்.

அவன் சைக்கிளின் இரண்டு டயரும் மொட்டை. ஒன்று மாற்றத்தான் கையில் காசு இருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். எல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு, அதனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். குமிழ் குமிழாகத் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயரில் இரண்டு வகை காட்டினார் கடைக்காரர். ஒன்றில் பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி இருந்தன. அது சேற்றுக்கு. மற்றதில் குட்டையாக, நெருக்கமாக இருந்தன. நகத்தால் அழுத்திப் பார்த்து இரண்டாவதை எடுத்தேன்.

"காஞ்ச தரைக்கு இதான் சரி தம்பி. முன்னாடி போட்டுடறேன்" என்றார்.

"முன்னாடியா? ஏண்ணே, டிராக்டர்ல பெரிய பல்லு எங்க இருக்கு? பின்னாடிதான? இழுக்குறது பின்சக்கரம்ணே."

"டிராக்டர் சேத்துல இழுக்குது. இது புழுதியில திரும்பணும். முன்னாடி பிடிமானம் இல்லன்னா வாரி விட்டுடும்."

"நீங்க பின்னாடியே போடுங்கண்ணே."

நெல் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். பட்டன் வைத்த வண்டி என்று டிராக்டரைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்? கடைக்காரர் என் நண்பனைப் பார்த்தார். "மச்சான் சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான் அவன்.

மூன்று நாள் சைக்கிள் பிரமாதமாக ஓடியது. மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் வழுக்கவே இல்லை. அந்த மூன்று நாளும் என் அலட்டல் தாங்க முடியாமல்தான் இருந்திருக்கும். நான்காம் நாள் கரை வளைகிற இடத்தில் முன்சக்கரம் புழுதியில் சறுக்கி, அவன் முழங்கால் தரையில் அடிபட விழுந்தான். தூக்கி உட்கார வைப்பதற்குள் முழங்கால் பன் மாதிரி உப்பிவிட்டது. ஓட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஓட்டத்தன்று முழங்காலில் கட்டோடுதான் கடலூர் மைதானத்தில் இறங்கினான். நான் வேலிக்கு வெளியே நின்றேன். இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். சிப்காட் தாண்டும்போது மட்டும், "உங்க கம்பெனில ஆள் எடுக்குறாங்களா மச்சான்?" என்று கேட்டான்.

வீட்டு வாசலில் அவன் அப்பா காத்திருந்தார். சேதியைச் சொன்னோம். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "யார்றா புது டயரப் பின்னாடி போடச் சொன்னது?" என்றார்.

"நாந்தாம்ப்பா. கடைக்காரரு வேணான்னுதான் சொன்னாரு" என்றான் அவன்.

நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ வெவரமான பையன். நீயாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதாப்பா?"

"சொல்லியிருக்கணும் மாமா" என்றேன்.