பெட்ரோல் குச்சி

பெட்ரோல் பங்கில் அந்த நெடி மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் சரோஜினி நகர் வீட்டுக்குள் போய் நிற்கிறேன். அப்பா, பிள்ளைகள் விமானம் ஓட்டப் பழகும் இடத்தில் சின்ன விமானங்களுக்கு மெக்கானிக். பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பாமல், தேக்குக் குச்சி ஒன்றைச் சீவி, டாங்கியில் லிட்டர் லிட்டராக ஊற்றி, குச்சியில் நனைந்த இடத்திலெல்லாம் ரம்பத்தால் கோடு கீறி வைத்திருந்தார். காலையில் டாங்கிக்குள் இறங்கும் அதே குச்சி, சாயங்காலம் அம்மாவின் முதுகில் இறங்கும், சப்பாத்தி ஆறியதற்கு, ரேடியோ சத்தத்திற்கு, ஒன்றுமே இல்லாததற்கும், இறங்கும்போதெல்லாம் அறை முழுக்கப் பெட்ரோல் நெடி எழும்.

ஒரு நாள் அடித்த அடியில் குச்சியின் நுனி ஒடிந்து கட்டிலுக்குக் கீழே போனது. மறுநாள் காலை அதே குச்சியோடு கிளம்பியவரை, வீங்கிய உதட்டோடு அம்மா வாசலில் மறித்தாள்.

"அதுல அளக்காதீங்க. கீழ்நுனி ஒடைஞ்சிருக்கு, உள்ள இருக்கறதவிட ஜாஸ்தியா காட்டும். ஏறிப் போற பிள்ளைங்க பாதியில விழுந்து செத்துருவாங்க."

அப்பா குச்சியைத் திருப்பிப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து புதிதாக இரண்டு குச்சிகள் சீவினார். ஒன்றில் மட்டும்தான் கோடு போட்டார்.