அயர்லாந்துக்காரர்கள் கேட்ட கேள்வி

அயர்லாந்து மருத்துவமனை வேலைக்கான நேர்காணலைக் காரில் உட்கார்ந்துதான் கொடுத்தேன். வீட்டில் என்றால் இரண்டு வயது மகள் கைப்பேசியை விடமாட்டாள். அதனால் எங்கள் ஊரான பாயா ரும்புட்டிலேயே, தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்த்த செண்டோல் விற்கும் ஒரு கடைக்கு எதிரே, மரநிழலில் காரை நிறுத்தினோம். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

எட்டு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். திரையில் இரண்டு அயர்லாந்துப் பெண்கள்.

“டாக்டர் எழுதிய மருந்தின் அளவு அதிகம் என்று உங்களுக்குத் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?”

“பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் சொல்வேன். அவர் நேரம் பார்த்து டாக்டரிடம் சொல்வார்.”

எங்கள் வார்டில் அப்படித்தான். சரியான பதில் என்றே நம்பினேன்.

“நோயாளியின் பக்கத்தில் நிற்பது நீங்கள்தானே? உங்கள் முடிவு என்ன?”

முகம் சுட்டது. பிறகு பேச ஆரம்பித்தேன். மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பேன், நானே டாக்டரை அழைப்பேன், காரணம் இது, மாற்று அளவு இது. எட்டு வருடமாக உள்ளுக்குள் வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. நிறுத்தவே முடியவில்லை.

கடைசியில், “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?” என்றார்கள். இல்லை என்று சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான்.

“அயர்லாந்துக்கு வரும் முதல் நாளே மகளையும் கூட்டி வரலாமா? முடியாது என்றால் நான் வரமாட்டேன்.”

சொல்லிவிட்டேன்! கணவர் திரும்பியதும் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

“என் முடிவு என்னன்னு கேட்டாங்கங்க!”

“நானுந்தான் தினமும் கேக்குறேன், இன்னிக்கு என்ன சமையல்னு.”

“சும்மா இருங்க லா. பாப்பா இல்லாம வரமாட்டேன்னு வேற சொல்லிட்டேன்.”

“அவங்களையும் மிரட்டிட்டியா? இந்தா, செண்டோல் குடி.”

ஒன்பது நாள் பதில் இல்லை. திமிராகப் பட்டிருக்குமோ? படிக்க வைத்து வேலையும் கொடுத்த நாட்டை விட்டுப் போக நினைத்ததே தப்போ? வார்டில் மூத்த தாதி அக்கா ஒருவர், “சம்பளத்துக்குத்தானே ஓடுறே?” என்றார். ஆமாம் என்றேன். சம்பளமும்தான். இங்கே என் முடிவை யாரும் கேட்டதில்லை என்ற மீதியைச் சொன்னால் அவரையே குறை சொல்வது போலாகிவிடும்.

பத்தாம் நாள் வேலை முடிந்து காரை நோக்கி நடந்தபோது மின்னஞ்சல் வந்தது. வேலை கிடைத்திருந்தது. கீழே தனியாக ஒரு வரி: மகள் உங்களுடனேயே வரலாம், முதல் மாதம் குடும்பத்தோடு தங்க இடம் தருகிறோம். அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

“மூணு பேருக்கும் பாஸ்போர்ட் எடுக்கணுங்க!” என்று போனில் நான் கத்தியதில், பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த மலாய்க்காரத் தாதி திரும்பிப் பார்த்தாள். என்னவென்று கேட்காமலே அவளும் சிரித்தாள்.