கெங்கம்மா வீட்டுச் சாவி

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகச் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதி அடங்கிய நேரத்தில் கீழ் வீட்டு அஜீசுன்னிசா மாடியேறி வந்தாள்.

"ஃப்ளோரன்ஸக்கா நம்மள வுட்டுப் பூட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரிலேந்து ஆள் வந்துகீது."

மார்வலி என்று அவரை வெள்ளிக்கிழமைதான் சேர்த்திருந்தோம். அதே ஆஸ்பத்திரியில் பல வருடம் ஆயாவாக இருந்தவர். பார்வை மங்கியபின் வேலையை விட்டு, ராயபுரத்தில் என் எதிர் அறையில் தனியாக இருந்தார்.

அன்று மாலை படிப்பகத்தில் ஒரு நாவலின் நிறைகுறைகளைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது. அணுகுண்டுகள் விழுந்து உலகம் அழிந்தபின், மிஞ்சிய ஒருவன் ஆளற்ற நகரத்தில் வாழும் கதை. சாயங்காலங்களில் அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டியிருந்தேன். குரைக்கக் காரணமில்லாமல் நாய்கள் தெருவில் சும்மா நிற்கும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்த மறுபடி படி. கதைய எய்தனவன் கண்ணால பாத்துகீறான்."

அக்காவும் பார்த்தவர். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, நடக்க முடியாத நோயாளிகளோடு தங்கிவிட்டார். தெருக்காரர்கள் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார்கள். சாவிக்கொரு துணிக் கிழிசலை அடையாளமாக முடிந்து வைத்திருந்தார்.

நாயகன் வீடு வீடாக நுழைந்து தானியம் தேடும் அத்தியாயத்தில் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மே, ஒரு வூட்லகூட பூட்டு கெடையாதா? நம்ம ஜனம் பூட்டிட்டு, இஸ்து பாத்துட்டு, தெரு முனைலேந்து திரும்பி வந்து இன்னொரு தபா இஸ்து பாக்கும்."

"திடீர்னு குண்டு வுயிந்ததுக்கா. பூட்ட ஏது நேரம்?"

"அப்ப செத்தவங்க எங்க? பொதைச்சது யாரு?"

அந்தக் குறையை நானும் ஒப்புக்கொண்டேன். பிறகு, நாவலைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டார்.

"போனவங்க யாராச்சும் திரும்பி வராங்களா? அத்த மட்டும் சொல்லிடு."

"முடிவச் சொன்னா கதை கெட்டுப்பூடும்க்கா."

"கெடட்டும். நான் இன்னா பரீட்சையா எய்தப் போறேன்?"

ஒருவரும் வருவதில்லை. அதைச் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் படித்தேன். வாங்கிய சாவிகளில் ஒன்றே ஒன்று அவரிடம் தங்கியிருந்தது. ஒரு வாரத்தில் வருகிறேன் என்று போன பக்கத்து வீட்டுத் தோழி கெங்கம்மாவின் சாவி. அந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்து, பூட்டும் மாறிவிட்டது. ஆனாலும் ஞாயிறுதோறும் மாதா கோயிலிலிருந்து திரும்பியதும், கடல் காற்றில் துரு ஏறாமலிருக்க அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். "வந்து கேட்டா துரு புடிச்சதையா குடுப்பேன்?" என்பார்.

பொய் ஆறுதல் தராத அந்த முடிவுதான் நாவலின் பெரிய நிறை என்று சொல்ல நினைத்திருந்தேன். இப்போது அது நிறையா குறையா என்று தெரியவில்லை. பேச்சுக்கும் நான் போகவில்லை.

அடக்கம் முடிந்து வந்து அவர் அறையைத் திறந்தோம். ஜன்னலோரத்தில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சாவி இருந்தது, மஞ்சள் கிழிசலோடு. இந்த ஞாயிறு அதற்கு யாரும் எண்ணெய் தடவவில்லை.