பாடைக்கு வழிவிடாத கன்றுகள்

உறுவையாறு பஸ்ஸில் இன்று ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"இன்னா சார், தெரியலியா? மரம் நட வந்தப்ப உங்க மண்டைய ஒடச்சது நான்தான்."

எண்பதுகளில் கல்லூரியிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு நாள் முகாம் போனோம். காலி நிலம் என்று நினைத்துக் கன்றுகளை நட்டு முள்வேலியும் போட்டோம். அது சுடுகாட்டுப் பாதை.

மறுநாளே பாடை வந்தது. "சுத்திப் போங்க, கன்னு மிதிபடும்" என்றான் எங்களில் ஒருவன்.

பாடையை இறக்கி வைத்தார்கள். எங்கள் மண்வெட்டிகளையே பிடுங்கி விளாசினார்கள். காம்பு முறியும்வரை என்னை அடித்தவர் இவர். ரத்தம் கண்ணை மறைக்க, வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன்.

"பாடையில கெடந்தது எங்கப்பா சார்" என்றார்.

கன்றுகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"வேரோட புடுங்கி அவரு மேலயே போட்டுக் கொளுத்தினோம். பச்சக் கன்னு இல்லியா, ஒரே பொகை."

முகாமுக்கு வந்த நண்பர்களே, நாம் நட்டதில் ஒன்றுகூட வீணாகவில்லை.