கல்லறை மண்ணோடு வந்த காக்கடா

லூர்துமேரியின் கணவர் ஆனந்தகுமாருக்குப் பூ வாசனை ஆகாது. கல்யாணமான அன்றைக்கே, "தலை வலிக்குது, அதைக் கழட்டி ஜன்னல்ல வையி" என்றவர் அவர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் இருந்தவரை வீட்டில் கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும்தான் வளர்ந்தன.

அவர் இறந்ததும் கல்லறையின் தலைமாட்டில் அவள் வைத்தது காக்கடா. கோடை மல்லி ஓய்ந்தபின் பனியில் பூக்கும் புதர். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மொட்டு கட்டும், கிறிஸ்துமஸுக்குள் இலை தெரியாமல் வெளுத்துவிடும். கொண்டாப்பூரிலிருந்து வந்த மகன் மனோஜ் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா, அப்பாவுக்கு இந்த வாசனையே ஆகாதே."

"இப்ப எந்திரிச்சு வந்து திட்டட்டும்" என்றாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பாட்டில் தண்ணீரோடு கல்லறைத் தோட்டம் போய்விட்டுத்தான் வீட்டில் உலை வைப்பாள். ஏழு வருஷம் அப்படிப் போனது.

ஏழாவது வருஷம் நவம்பரில் வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இடம் போதவில்லை, ஆனந்தகுமார் இருக்கும் வரிசையை ஜனவரியில் புதியவர்களுக்காகத் திறப்பார்கள். எலும்புகள் அதே குழியில் இன்னும் ஆழத்தில் போகும். விரும்புகிறவர்கள் சுவரில் பேர் பதித்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் நடப்பதுதான். மனோஜ் கல்லுக்குச் சொல்லிவிட்டான். லூர்துமேரி குழி வெட்டும் கிரியிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செடியை என்னப்பா பண்ணுவீங்க?"

"பிடுங்கிப் போடுவோம்மா. மழைக்காலத்துலயே தெரிஞ்சிருந்தா ஒரு கிளையைப் பதியம் போட்டிருக்கலாம். இப்ப பூவுல நிக்குது. வேரோட தூக்கணும்னா பூவெல்லாம் போகணும். முழங்கால் உசரத்துக்கு வெட்டணும். அப்பவும் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

அவளே வெட்டினாள். வெட்டிய கிளைகளை அந்த வரிசை முழுக்க, யார் யாருக்கோ, ஒவ்வொன்றாக வைத்தாள். கிரி சுற்றிலும் தோண்டி வேர்க்கட்டியைத் தூக்கினான்.

"மண்ணை உதறிடவாம்மா?"

"வேணாம். உதறாத."

ஈரச்சாக்கில் கட்டி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

நாகம்மா வீட்டின் பின்போர்ஷனில் அவள் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். சமையலறைக்குப் பின்னால் நாலடி மண் உண்டு. அதில் நட்டுக்கொண்டிருக்கையில் நாகம்மா வந்து நின்றாள். தெலுங்குக்காரி. தமிழ்க் குடித்தனக்காரர்களோடே பேசிப் பேசி வந்த தமிழ் அவளுக்கு, நடுநடுவே ஊர் உருதுவும் கலக்கும்.

"எங்கேருந்து மேரி?"

"நர்சரிலேருந்துக்கா."

பொய் யோசிக்காமலே வந்துவிட்டது. கல்லறைச் செடி என்று தெரிந்தால் வீட்டு மண்ணில் யார் வைக்க விடுவார்கள்?

பத்து நாளில் மிச்சமிருந்த இலையும் உதிர்ந்தது. "கைக்கு மேரி, எதுக்கு இந்தக் குச்சி? உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றாள் நாகம்மா. சொல்லிவிட்டுத் தினமும் அரிசி களைந்த தண்ணீரை அதன் அடியிலேயே ஊற்றினாள். லூர்துமேரி ஞாயிறுதோறும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை இருந்தது. ஒரு வாரம் இருந்தது போல் அடுத்த வாரம் தெரியவில்லை. பிப்ரவரி முடியும்போது ஒரு கணுவில் துளிர் வந்தது.

அடுத்த பனிக்கு இடுப்பளவு வளர்ந்து பூத்தது. நாகம்மாவின் கார்த்தீக மாத பூஜை முடிய இரண்டு நாள் இருந்தது. குளித்துவிட்டுத் தட்டோடு வந்தாள்.

"சிவனுக்கு இன்னிக்கு நம்ம வீட்டுப் பூ" என்று கிள்ள ஆரம்பித்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். நாகம்மாவின் வீடு, நாகம்மாவின் மண். அவள் ஒரு வார்த்தை சொன்னால் செடி போய்விடும். அவரிடமிருந்து வந்த மண்ணும் போய்விடும். ஆனால் தட்டில் நாலைந்து பூ விழுந்துவிட்டது.

"அக்கா, நில்லுங்க. அது நர்சரிச் செடி இல்ல. அவர் கல்லறையில இருந்தது. மண்ணோட எடுத்தாந்தேன்."

நாகம்மா கையை எடுத்தாள். தட்டைச் செடியடியில் கவிழ்த்தாள்.

"ஒரு வருஷமா தண்ணி ஊத்தறேனே. அப்பல்லாம் சொல்ல வாய் இல்லையா?"

"பிடுங்கச் சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

"ஹவ், ஆமா. சொல்லியிருப்பேன்."

உள்ளே போய்விட்டாள். மறுபடி குளிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை லூர்துமேரி கடப்பாரையையும் பழைய சாக்கையும் எடுத்து வைத்தாள். மனோஜின் பால்கனியில் வெயில் படுமா என்று யோசித்துக்கொண்டே மறுபடி எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நாகம்மா பாத்திரத்தோடு வந்தாள். அரிசி களைந்த தண்ணீரைச் செடியடியில் ஊற்றினாள். சாக்கைப் பார்த்தாள்.

"சாமிக்கு இது நக்கோ மேரி, வேணாம். நான் கடையில வாங்கிக்கறேன்."

"சரிக்கா."

"பூ வாசனைன்னாலே தலைவலின்னு சொல்லுவாரே, அந்த மனுஷன்?"

"ஆமாக்கா."

"நல்லா வேணும்."

பாத்திரத்தைக் குலுக்கிக் கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டுப் போனாள். லூர்துமேரி சாக்கை உதறி நாலாக மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.